இலையிலிருந்து சக்குலெண்ட்: முதல் பத்து நாள் தண்ணீர் வேண்டாம்

தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துவைக்கும் சக்குலெண்ட் செடியின் இலையை நட்டேன், அழுகிப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள்? அநேகமாக எல்லாருமே “நட்ட அன்றைக்கே” என்பார்கள். ரோஜாக் குச்சியும் செம்பருத்திக் குச்சியும் வைத்துப் பழகிய கை. நட்டதும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாவிட்டால் மனசு கேட்காது. ஆனால் இந்த இலைகள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியவை. வேர் விடவும் குட்டி விடவும் வேண்டிய நீரும் மாவுச்சத்தும் இலைக்குள்ளேயே இருக்கின்றன. நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது, பறித்த இடத்துக் காயம் நன்றாக உலர்கிறதா என்பதை மட்டும்தான்.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். வீடு மடிப்பாக்கத்தில், இரண்டாம் மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. காலையில் பத்து, பத்தரை வரை வெயில் விழும்; அதற்கு மேல் வெளிச்சமான நிழல். காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். ஆகவே இங்கே சொல்வது சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி ஊர்களுக்கு அப்படியே பொருந்தும். கோவை, ஓசூர்க்காரர்களுக்கு இதைவிடச் சுலபம்.

எந்தச் செடியில் தொடங்குவது

ஊட்டிக்குப் போனவர்கள் ரோஜாப்பூ வடிவத்தில் இருக்கும் எச்சிவேரியாவைத்தான் ஆசையாக வாங்கி வருகிறார்கள். அழகான செடிதான். ஆனால் சமவெளியில் முதன்முதலாக முயல்கிறவர்கள் அதில் தொடங்க வேண்டாம். எச்சிவேரியாக்கள் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டு நிலங்களைச் சேர்ந்தவை. பகலில் நல்ல வெயில் அடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும் இடங்கள் அவை. நம் ஊர் மே மாத இரவு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இரவு ஏன் முக்கியம் என்பதற்கு நம் சென்னையோடு தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையை நாளின் வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். விடியற்காலையில் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சப்பென்று இருக்கிறது, மாலையில் லேசான கசப்பு. இதை லண்டனிலுள்ள லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார்; 1815-ல் அது அச்சில் வந்தது. காரணம் பின்னால்தான் விளங்கியது. இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு நீரைக் காப்பாற்றுகின்றன. இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கின்றன. விடிந்ததும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துச் சர்க்கரை செய்கின்றன. விடிகாலைப் புளிப்பு அந்தச் சேமிப்புதான். இரவு குளிர்ந்தால் இந்த வேலை நன்றாக நடக்கும்; புழுக்கமாக இருந்தால் சுணங்கும். வகுப்பில் இந்தப் பாடம் வரும் நாளில் ஹெய்னைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஆனால் யாரும் மென்று பார்க்க வேண்டாம். ரணகள்ளிக் குடும்பத்தில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. மேய்ந்த மாடுகள் இறந்திருக்கின்றன.

சமவெளியில் தைரியமாகத் தொடங்கக்கூடியவை: நர்சரிகளில் கோஸ்ட் பிளான்ட் என்று விற்கும் கிராப்டோபெட்டலம், ஜெல்லி பீன் என்கிற செடம், ஜேட், யானைகளுக்குப் பிடித்த ஆப்பிரிக்கச் செடியான போர்ச்சுலக்காரியா, பிறகு நம் ரணகள்ளி. கிராப்டோபெட்டலத்தின் இலை கை பட்டாலே உதிரும். விழுந்த இடத்திலேயே வேர் விடும். முதல் வெற்றி சீக்கிரம் கிடைத்தால்தான் பொறுமை வரும். அதனால் அதையே முதலில் வாங்கச் சொல்வேன்.

ரணகள்ளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று ஊரில் அதற்குப் பெயரே உண்டு. இலையைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, விளிம்பிலுள்ள பள்ளங்களில் முளை வந்திருக்கிறதா என்று தினமும் திறந்து பார்க்காத பிள்ளைகள் எங்கள் காலத்தில் குறைவு. அதை மணல்மேல் மல்லாக்கப் போட்டால் போதும்.

இலையைப் பறிப்பது

பாதி வெற்றி இங்கேதான். புதுச்செடி முளைப்பது இலையின் அடிநுனியில், தண்டோடு ஒட்டியிருக்கும் அந்தச் சிறு இடத்திலிருந்து. அது பிய்ந்து தண்டிலேயே தங்கிவிட்டால், மீதி இலை எவ்வளவு கொழுகொழு என்று இருந்தாலும் பயனில்லை. வேர் மட்டும் விட்டுவிட்டு, குட்டி வராமல் மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

செடியின் அடிப்பக்கத்தில் முற்றிய, நோயில்லாத இலையாகப் பாருங்கள். சருகாகத் தொடங்கியது வேண்டாம். நுனியில் இருக்கும் பிஞ்சும் வேண்டாம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலையின் அடியைப் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள். ‘டக்’ என்று கழன்று வரும். அடிநுனி முழுசாக, கிழிசல் இல்லாமல் வளைந்திருந்தால் சரி. கத்தரிக்கோல் எடுக்காதீர்கள். பறிப்பதற்கு இரண்டு நாள் முன்பு தாய்ச்செடிக்குத் தண்ணீர் விட்டிருந்தால் இலை நன்றாகத் திரண்டிருக்கும்; ஆனால் தண்ணீர் விட்ட அன்றே பறித்தால் நீர் கோத்த இலை சட்டென்று ஒடியும்.

பறித்த இலைகளை ஒரு முறத்திலோ செய்தித்தாள்மேலோ பரப்பி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தை, மாசியில் மூன்று, நான்கு நாள் போதும். காற்று கனமாக இருக்கும் நாட்களில் ஒரு வாரம். விரலால் தொட்டால் காயத்தில் ஈரம் ஒட்டக்கூடாது. மேலே மெல்லிய தோல் கட்டியிருக்க வேண்டும். பட்டைத் தூள், மஞ்சள் தூள், வேர் வளர்க்கும் பொடி என்று பலர் தடவுகிறார்கள். நான் எதையும் தடவுவதில்லை. நன்றாக உலர்ந்த காயத்துக்கு அவை தேவையில்லை. உலராத காயத்தை அவை காப்பாற்றவும் மாட்டா.

மணலும் தட்டும்

கடையில் ‘பாட்டிங் மிக்ஸ்’ என்று விற்பதில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவுதான் இருக்கும். கீரைக்கு அது நல்லது. இந்த வேலைக்கு ஆகாது. நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் சேர்ப்பது: பருமணல் இரண்டு பங்கு, கடலை அளவுக்கு உடைத்த செங்கல் ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு. மணலை வாளியில் போட்டு, கலங்கல் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள். எம்-சாண்ட்தான் கிடைக்கிறது என்றால் அதிலுள்ள பொடி முழுக்கப் போகிறவரை அலச வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் இறுகிப்போகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கிற மண் தட்டு இதற்கு மிகவும் பொருத்தம். ஓரிரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அங்குல உயரத்துக்குக் கலவையைப் போட்டு, அதன்மேல் இலைகளைச் சும்மா படுக்க வையுங்கள். உள்பக்கம் மேலே பார்க்கட்டும். அடிநுனியை மண்ணுக்குள் செருக வேண்டாம். தட்டை நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடத்தில் வைத்துவிட்டு, பத்து நாளைக்கு அதை மறந்துவிடுங்கள்.

காத்திருக்கும்போது

இரண்டு, மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு நூலாக வேர் எட்டிப் பார்க்கும். சில இலைகளில் வேருக்கு முன்னால் குட்டி வரும், அதுவும் சரிதான். வேர் தெரிந்த பிறகுதான் தண்ணீர். அதையும் இலைமேல் ஊற்றக்கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில், வேர் இருக்கும் பக்கத்து மணல் நனையும் அளவுக்குத் தெளிப்பான் போதும். காற்றில் தொங்கும் வேரின்மேல் ஒரு சிட்டிகை மணல் தூவுங்கள்.

இலை சுருங்கினால் பயப்படாதீர்கள். தன்னிடம் உள்ளதைக் குட்டிக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது, இலை கண்ணாடி போலத் தெளிந்து, மஞ்சளாகி, தொட்டால் நசுங்கும்போது. அது அழுகல். உடனே எடுத்து எறிந்துவிட்டு, பக்கத்து இலைகளைத் தள்ளி வையுங்கள். அடிநுனி கறுத்த இலையும் தேறாது. நன்றாகச் செய்தாலும் சில இலைகள் போகத்தான் செய்யும். அதனால் ஒன்றிரண்டு இலையை நம்பி இறங்காமல், ஒரு தட்டு நிறையப் பரப்புங்கள்.

தாய் இலை முழுக்கச் சருகாகித் தானாகக் கழன்று வரும்வரை அதைப் பிடுங்கவே கூடாது. ஆர்வத்தில் இழுத்தால் இளவேரும் சேர்ந்து வந்துவிடும்.

தண்டை வெட்டி நடுவது

வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விழுந்த செடியைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு செடி பல செடியாகும் சந்தர்ப்பம் அது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்த பிளேடால், தலைக்குக் கீழே இரண்டு அங்குலத் தண்டு விட்டு வெட்டுங்கள். அடியிலுள்ள இலைகளைக் கழற்றித் தட்டில் சேருங்கள். தலையைக் காலிக் கோப்பையின் வாயில் நிற்கவைத்து ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு உலர்ந்த கலவையில் ஊன்றுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும். அப்போது முதல் தண்ணீர். மிச்சமிருக்கும் மொட்டைத் தண்டை வீசிவிடாதீர்கள். கணுக்களில் புதுத் தலைகள் கிளம்பும்.

ஜேடும் போர்ச்சுலக்காரியாவும் இலையில் வளர்வது மெதுவாக நடக்கும். நான்கு அங்குலக் கிளையை ஒடித்துக் காயவைத்து நடுவதே மேல். டேபிள் ரோஸுக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. கிள்ளி, ஒரு நாள் விட்டு, நட்டுவிடலாம்.

பாம்புக் கற்றாழை என்று சிலர் சொல்லும் சான்சிவேரியாவின் இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக்கி நடலாம். எது அடி, எது நுனி என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது. விளிம்பில் மஞ்சள் கோடுள்ள வகையின் இலைத் துண்டிலிருந்து வருவது முழுப் பச்சைச் செடியாகவே இருக்கும். கோடு வேண்டுமானால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.

சோற்றுக் கற்றாழை இலையை மண்ணில் குத்தி வைப்பதை இன்னும் பல வீடுகளில் பார்க்கிறேன். வராது, அழுகும். பக்கக் கன்று நான்கைந்து இலை விட்ட பிறகு வேரோடு பிரியுங்கள். சிவப்புத் தலையுள்ள மூன் காக்டஸின் குட்டியும் தனியாகப் பிழைக்காது. அதில் பச்சையம் கிடையாது, கீழே ஒட்டுக்கட்டிய பச்சைக் கள்ளிதான் அதற்குச் சோறு போடுகிறது. அடீனியம் கிளை வேர் விடும். ஆனால் விதையில் வந்த செடிபோல அடி பருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

திருகுகள்ளி, சதுரக்கள்ளி வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. வெட்டிய முனையைத் தண்ணீரில் நனைத்தால் பால் வடிவது நிற்கும். அதற்கப்புறம் இரண்டு வாரம் காயட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வகையை விட்டுவிடுங்கள்.

எந்த மாதம்

தை பாதியிலிருந்து பங்குனி முதல் வாரம்வரை சென்னைக்கு மிக நல்ல காலம். ஆடி, ஆவணியும் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எதையும் வெட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் காயம் உலரவே உலராது. தட்டுகளை அந்த இரண்டு மாதமும் கூரைக்கடியில் வையுங்கள். கத்திரி வெயிலில் தட்டை வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்துவிடுங்கள்.

குட்டி ஒரு ரூபாய் நாணயத்தைவிட அகலமாக விரிந்து, தாய் இலை கழன்ற பிறகு, மூன்று அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கும். மாற்றிய பிறகு ஐந்தாறு நாள் தண்ணீர் விடாதீர்கள். காலை வெயிலை அரை மணி, ஒரு மணி என்று சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

மாற்றுகிற அன்று ஒவ்வொரு குட்டியையும் திருப்பி, இலை இடுக்கைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சாக ஏதாவது தெரிந்தால் மாவுப்பூச்சி. பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து எடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் முதலில் அதை விரட்டுங்கள், மாவுப்பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவது அதுதான். பூச்சி கண்ட செடியை, முழுக்கச் சுத்தமாகும்வரை, பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.