இம்பிளான்ட் பல்லில் வந்த நாற்றம்: தளர்ந்தது திருகுதான்

கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் (தாடை எலும்பில் தண்டு பதித்து, அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்து 6 வருடம் ஆகிறது. திடீரென்று வாயில் ஒரு கெட்ட வாடை. வலி இல்லை, வீக்கமும் இல்லை. பற்பசையை மாற்றினேன், மவுத்வாஷ் கொப்பளித்தேன், நாக்கை வழித்தேன். இரண்டு வாரம் வீண்.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு பல்லிடுக்கிலும் தனித்தனி நூல் விட்டு முகர்ந்து பார்த்தால், அந்த ஒரு பல்லைச் சுற்றிய நூல் மட்டும் நாறியது. விரலால் அமுக்கினால் மயிரிழை அளவு அசைவு. போச்சு, முழுசாகக் கழன்றுவிட்டது என்று பயந்தேன்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பில் பதிந்த டைட்டானியத் தண்டு அசையவே இல்லை. மேல் உறைப்பல்லை அதனோடு பிணைக்கும் குட்டித் திருகுதான் தளர்ந்து, இடைவெளியில் கிருமி சேர்ந்திருந்தது. கழற்றிச் சுத்தம் செய்து, புதுத் திருகு போட்டு, முறுக்குவிசை காட்டும் சாவியால் இறுக்கினார். அரை மணி நேர வேலை. இரண்டே நாளில் வாடை போய்விட்டது.

இயற்கைப் பல்லை எலும்போடு பிணைக்கும் தசைநார் இம்பிளான்ட்டுக்குக் கிடையாது; அதனால் கோளாறு வந்தாலும் சீக்கிரம் வலிக்காது. பராமரித்தால் டைட்டானியத் தண்டு பல பத்தாண்டுகள் தாங்கலாம், உறைப்பல்லும் திருகும் அப்படியல்ல. இப்போது கம்பியில் பிளாஸ்டிக் பூசிய இடுக்கு பிரஷ்ஷால் தினமும் இரவில் சுத்தம் செய்கிறேன். 6 மாதத்துக்கு ஒருமுறை போகும்போது திருகையும் பார்க்கச் சொல்கிறேன்.