இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றக் கடிதம் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

இங்கிலாந்தின் குற்ற வழக்குகள் எல்லாம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் தொடங்குகின்றன. பெரும்பாலானவை அங்கேயே முடிந்தும்விடுகின்றன. தீர்ப்புச் சொல்பவர்களில் அநேகர் சம்பளம் வாங்காத, சட்டம் படித்திராத உள்ளூர்க்காரர்கள். பெரிய நீதிமன்ற நீதிபதிகள் அணியும் பொய்முடி கிடையாது, அங்கி கிடையாது. இதனாலேயே பலர் இதை இலேசாக நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் தவறு, ‘வாய்தா தேதி வரட்டும்’ என்று காத்திருப்பது. 2015 முதல் அதிவேகம், காப்பீடு இல்லாமல் ஓட்டியது, டிவி பார்க்கத் தேவையான லைசென்ஸை எடுக்காதது போன்ற வழக்குகளை ஒரே ஒரு மாஜிஸ்திரேட், சட்ட ஆலோசகரின் துணையோடு, காகிதங்களைப் பார்த்தே முடித்துவிடலாம். தபாலில் வரும் அறிவிப்புக்கு 21 நாட்களுக்குள் பதில் அனுப்பாவிட்டால், நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். வருமானத்தைச் சொல்லாததால் நீதிமன்றமே ஒரு தொகையை வைத்துக்கொண்டு அபராதம் கணக்கிடும். உடனே ஒப்புக்கொண்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும், அதுவும் போச்சு.

பதில் எழுதுபவர்கள் செய்யும் தவறு வேறு. ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, கீழே ‘அன்று காரை நான் ஓட்டவே இல்லை’ என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது. கவனமுள்ள மாஜிஸ்திரேட் வழக்கை நேரடி விசாரணைக்கு அனுப்பலாம். கவனிக்காமல் போனால் டிக்தான் நிற்கும். ஓட்டவில்லை என்றால் மறுக்கும் கட்டத்தையே தேர்ந்தெடுங்கள்.

அதிவேகம் போன்ற வாகன வழக்குகளில் இதற்கு முன்பே போலீஸிடமிருந்து ‘யார் ஓட்டியது?’ என்று ஒரு கடிதம் வரும். அதை ஒளித்துவைத்தால் வழக்கு கரைந்துவிடும் என்று நினைப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. அதிவேகத்துக்குப் பெரும்பாலும் லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளிகள்தான். 28 நாட்களுக்குள் ஓட்டுநரின் பெயரைச் சொல்லாததற்கு 6. லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளே லைசென்ஸைப் பறித்துவிடும்.

அனுப்பியது பெரிய நிறுவனம் என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். காகிதங்களைப் பார்த்தே முடிக்கும் இதே குறுக்குவழியில் ரயில் நிறுவனங்கள் போட்ட பல கட்டண வழக்குகளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று 2024-இல் தெரிந்து, சுமார் 74,000 தண்டனைகள் செல்லாமல் போயின.

வீடு மாறிய பிறகும் வாகனப் பதிவில் பழைய முகவரியையே விட்டுவைத்து, அபராத வசூல் வந்த பிறகு விழித்துக்கொள்பவர்களும் உண்டு. வழக்கே தெரியாமல் தீர்ப்பு வந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் அதை உறுதிமொழியாகக் கொடுங்கள். தீர்ப்பு ரத்தாகி வழக்கு முதலிலிருந்து தொடங்கும்.