ஐரிஸ் டேட்டாவுல ரெண்டு அளவுக்கு நடுவுல என்ன உறவுன்னு பாக்குறது எப்படி

புதுசா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவங்க டேட்டா கைக்கு வந்ததும் நேரா கோரிலேஷன் (ரெண்டு அளவு எவ்வளவு சேந்து மாறுதுன்னு -1லருந்து 1 வரைக்கும் சொல்ற நம்பர்) போட்டுப் பாப்பாங்க. தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, முதல்ல படம் போடுங்க. ஏன்னு ஐரிஸ் டேட்டாவை வச்சே காட்டுறேன்.

ஐரிஸ்ங்கறது ஒரு பூச்செடி வகை, இந்த டேட்டாவுல மொத்தம் 150 பூ. செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகான்னு மூணு இனம், இனத்துக்கு 50. தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் சேத்தது, 1936ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் ஃபிஷர் தன்னோட கட்டுரையில எடுத்துப் போட்டதுக்கப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சுது. ஒவ்வொரு பூவுக்கும் புல்லி இதழ் நீளம், அகலம், அல்லி இதழ் நீளம், அகலம்னு நாலு அளவு, எல்லாம் சென்டிமீட்டர்ல. ஆர் சாஃப்ட்வேர்ல உள்ளயே இருக்கு, ஆனா எக்செல்லே போதும்.

புல்லி இதழ் நீளம், அகலம் ரெண்டு காலத்தையும் செலக்ட் பண்ணி ஸ்கேட்டர் ப்ளாட் போடுங்க, ஒவ்வொரு பூவும் ஒரு புள்ளி, நீளம் கிடைமட்டமா, அகலம் செங்குத்தா. சும்மா புள்ளியா செதறிக் கெடக்கும். கோரிலேஷன் போட்டா -0.12 வரும், பி வேல்யூ (உண்மையில உறவே இல்லைன்னாலும் இந்த அளவு நம்பர் தற்செயலா வர்றதுக்கான வாய்ப்பு) 0.15, அதாவது உறவே இல்லைங்கற மாதிரி, இருந்தாலும் நீளம் கூடக் கூட அகலம் கொறையுதுங்கற மாதிரி. ஆனா ஒரு பூவுல இதழ் பெருசானா நீளம் அகலம் ரெண்டும் சேந்துதானே வளரணும்?

இப்போ இனவாரியா பிரிங்க. தலைப்பு வரி போக 2லருந்து 51 வரைக்கும் செட்டோசா, 101 வரைக்கும் வெர்சிகலர், மிச்சம் வர்ஜினிகா. மூணையும் தனித்தனி சீரிஸா, வேற வேற கலர்ல போடுங்க. செட்டோசா மேல இடது பக்கம் தனியா ஒதுங்கி நிக்கும், ஏன்னா அதோட புல்லி இதழ் குட்டையா ஆனா அகலமா இருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளயும் புள்ளிங்க மேல ஏறித்தான் போகுது, செட்டோசாவுல 0.74, வெர்சிகலர்ல 0.53, வர்ஜினிகாவுல 0.46. கூட்டங்க நிக்கிற இடம் அந்த ஏத்தத்தை மொத்தமா மறைச்சிடுச்சு! இதுக்குப் பேர்தான் சிம்ப்சன் முரண்.

செட்டோசாவுல ஒரு புள்ளி மட்டும் கீழ தனியா தெரியும், 42வது பூ, நீளம் 4.5 அகலம் 2.3. அதுதான் நம்பரை இழுக்குதோன்னு சந்தேகம் வரும், வரணும். எடுத்துட்டு மறுபடி போடுங்க, அப்பவும் 0.74தான்.

அல்லி இதழுக்கு இதே தலைகீழா நடக்குது. நீளத்துக்கும் அகலத்துக்கும் மொத்தமா பாத்தா 0.96, பிரமாதமான உறவுன்னு தோணும், ஆனா செட்டோசாவுக்குள்ள 0.33, வர்ஜினிகாவுக்குள்ள 0.32, வெர்சிகலர்ல மட்டும் 0.79. அந்த 0.96ல பெரும்பங்கு இனத்துக்கு இனம் இருக்கற சைஸ் வித்தியாசம். இன்னொண்ணு, செட்டோசா அல்லி இதழோட அகலத்தைப் பாருங்க, பாதிப் பூவுக்கு மேல ஒரே 0.2தான். அளவே மாறாத எடத்துல கோரிலேஷன் எங்கருந்து பெருசா வரும்?

அடுத்து புல்லி நீளத்தையும் அல்லி நீளத்தையும் எடுத்துக்கங்க, மொத்தமா 0.87 வரும், இனவாரியா பிரிச்சா எது சரியுது எது நிக்குதுன்னு முதல்ல படத்தைப் பாத்து நீங்களே யோசிச்சு எழுதி வச்சுட்டு அப்புறமா நம்பரைப் போடுங்க.