சாயத் தண்ணீரும் சர்க்கார் மானியமும்: காரைக்குடியிலிருந்து ஆராய்ச்சி நிதி கேட்பது எப்படி

என் மேசையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. அடியில் இரண்டு விரல் கனத்துக்குத் துருநிறச் சகதி, அதற்கு மேல் தெளிந்த தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அது அரக்குச் சிவப்பாக இருந்தது. கண்டாங்கிச் சேலைக்கு நூல் சாயம் போடும் ஒரு வீட்டின் கொல்லையிலிருந்து மொண்டு வந்தது. இரண்டு இரும்புத் தகட்டை அதில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினேன். நேர்முனைத் தகடு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகி, சாயத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது. மின்வேதியியல் படித்தவர்களுக்கு இது பழைய சங்கதி. சாயம் போடும் அக்காவுக்குப் பெரிய ஆச்சரியம். "இத்தனை நாள் கெணத்துப் பக்கம் ஊத்திட்டோமே" என்றார்.

அந்தப் பாட்டிலை வைத்துத்தான் அரசிடம் பணம் கேட்டேன். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவை கிடைத்தது. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் எப்படி என்று கேட்பதால் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் என்ன தெரியாது என்று எழுதுங்கள்

முதல் விண்ணப்பத்தில் நான் எழுதியது இதுதான்: 50 லிட்டர் டிரம், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர், தகடுகள், பம்ப், இவற்றின் விலை, மொத்தம் இவ்வளவு. படம்கூட அழகாக வரைந்திருந்தேன். திரும்பி வந்த குறிப்பில் ஒரே வரி. இதில் ஆராய வேண்டியது எது என்று கேட்டிருந்தார்கள். அன்று ராத்திரி எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் உட்கார்ந்து யோசித்தபோது அவர்கள் கேட்டது நியாயம் என்று புரிந்தது. மிஷின் வாங்கத்தான் பணம் வேண்டும் என்றால் வங்கிக் கடன் இருக்கிறது. ஆராய்ச்சி மானியம் என்பது பதில் தெரியாத ஒரு கேள்விக்குக் கொடுக்கிற பணம். கேள்வியே இல்லாத விண்ணப்பத்துக்கு அவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்?

இரண்டாம் முறை கணக்கோடு போனேன். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால், ஃபாரடே விதிப்படி, இரும்பு சுமார் 1.04 கிராம் கரைய வேண்டும். நான் 10 ஆம்பியர், 40 நிமிஷம் ஓட்டினேன். ஏட்டுக் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம். தகட்டைக் கழுவி, காயவைத்து, நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தால் 9 கிராம் குறைந்திருந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. அந்த 2 கிராம் எங்கே போனது? சாயம் போடும்போது நூலோடு சேர்க்கிற உப்பு, தகட்டைத் தானாகவே அரிக்கிறதா? உப்பு கூடினால் மின்செலவு குறையும், அதே நேரத்தில் தகடு சீக்கிரம் தேயுமா? சாயம் போடும் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் அளவு எது? இதுதான் என் விண்ணப்பத்தின் நடுப்பக்கம் ஆனது. முன்பு மறைக்க நினைத்த அந்த 2 கிராமைத் தலைப்பிலேயே வைத்தேன்.

நீங்களும் அப்படித்தான் எழுத வேண்டும். ஆத்தங்குடிக் கல்லுக்குச் சிமெண்ட் குறைத்து வேறு பொருள் சேர்க்கப் போகிறீர்களா? கண்ணாடியில் வார்த்த அந்த மேல்பக்க மினுமினுப்பு எத்தனை சதவீதம் வரை கெடாமல் இருக்கும் என்பது ஒரு கேள்வி. பனையோலைக் கொட்டானுக்குப் பூசுகிற பூச்சா? எத்தனை மாதம் பூஞ்சை வராமல் தாங்கும் என்பது ஒரு கேள்வி. அளக்கக்கூடிய ஒரு கேள்வி, அதை அளக்கும் முறை, எந்த எண் வந்தால் ஜெயித்தோம், எந்த எண் வந்தால் கைவிடுவோம். இந்த நாலும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். என் விஷயத்தில் ஜெயிக்கிற எண் ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. ஆற்றிலோ குளத்திலோ விடுகிற கழிவுநீருக்கு சிஓடி, அதாவது அதிலுள்ள அழுக்கை ரசாயன முறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே வந்தால் வெற்றி, வராவிட்டால் இன்னொரு வடிகட்டி வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினேன்.

எந்தக் கதவைத் தட்டுவது

தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை 1 முதல் 9 வரை டிஆர்எல் என்ற அளவுகோலால் சொல்வார்கள். யோசனை மட்டும் இருந்தால் 1, 2. ஆய்வகத்தில் ஒருமுறை நடத்திக் காட்டியிருந்தால் 3. பாகங்களைச் சேர்த்து ஆய்வகத்திலேயே ஓட்டிச் சரிபார்த்திருந்தால் 4. நிஜமான இடத்தில் ஓடி நிரூபித்தது 8, 9. என் பாட்டில் 3. உங்கள் எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

3, 4 படியில் இருப்பவர்களுக்குப் பொருந்துகிற கதவுகள் சில. தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் தருகிற இன்னோவேஷன் வவுச்சர்: முதல் வகையில் 2 லட்சம் வரை, அடுத்ததில் 5 லட்சம் வரை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ்: மாதிரிக் கருவி செய்ய 10 லட்சம் வரை, கம்பெனி தொடங்காத தனி ஆளும் கேட்கலாம், புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தருகிற இன்குபேட்டர் மையம் வழியாகப் போக வேண்டும். உயிரித் தொழில்நுட்பம் என்றால் அந்தத் துறைக்கான மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் மானியம்: 50 லட்சம் வரை, 18 மாதம். கம்பெனி பதிந்தாயிற்று என்றால் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் என்ற விதை நிதி. அதற்குப் பதிலாக நிறுவனத்தில் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். 2021இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் மாதிரிக் கருவிக்கும் சோதனைக்கும் 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ கடன் பத்திரமாகவோ. திட்டங்கள் திறக்கும், மூடும், பேர் மாறும். எழுத உட்காரும் முன் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் இந்த மாதம் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாளில் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி என்று பார்த்துவிட்டு அதைக் கேட்கலாமா என்று சிலர் விசாரிக்கிறார்கள். 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்தத் திட்டம் டிஆர்எல் 4-ஐயோ அதற்கு மேலேயோ எட்டியவர்களுக்கு, நிதி நிர்வாகிகள் வழியாக, நீண்டகாலக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் வருவது. மானியம் கிடையாது. பாட்டில் கட்டத்தில் இருக்கிற நமக்கு அது இப்போதைக்கு இல்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டுக் கம்பெனி பதியாதீர்கள். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதிக்கு, விண்ணப்பிக்கும் நாளில் நிறுவனத்துக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று விதி. வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் வாங்கியிருந்தாலும் கிடையாது. பொங்கலுக்கு நல்ல நாள் என்று பதிந்துவிட்டு, இரண்டு வருஷம் ஆய்வகத்திலேயே கழித்து, பணம் கேட்கப் போன நாளில் தகுதி இழந்து நின்ற ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கருவி என்னுடையதைவிட நல்ல கருவி. முதலில் தனி ஆளாகக் கேட்கக்கூடியதைக் கேளுங்கள். கருவி ஓடட்டும். பிறகு பதிவு, அதன் பிறகு விதை நிதி.

பக்கத்திலேயே ஆய்வகம்

காரைக்குடிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாம் சிக்ரி என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் கடந்து போகிற அந்த வளாகத்துக்குள் அரிமானத்தையும் மின்கலத்தையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் துறைக்கு அது பொருந்தாவிட்டால் பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கடிதம் எழுதி, நேரம் கேட்டு, பாட்டிலோடு போங்கள். "உதவி செய்யுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது. "இந்த மூன்று அளவீடு வேண்டும், கட்டணம் எவ்வளவு" என்று எழுதினால் வரும். கட்டணம் குறித்த அந்தத் தாள் விண்ணப்பத்தில் பெரிய பலம். தண்ணீர் சோதனையை, சோதனைக் கூடங்களுக்குத் தரச்சான்று தருகிற என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் செய்யுங்கள். வீட்டில் எடுத்த எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள்.

வெளியில் காட்டுவதற்கு முன் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனி நபர் இணையம் வழியே போட்டால் 1,600 ரூபாய்தான். முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம் கிடைக்கும். கண்காட்சியில் எல்லோருக்கும் விளக்கிவிட்டுப் பிறகு காப்புரிமை கேட்டால், அந்த விளக்கமே உங்களுக்கு எதிராக நிற்கும்.

குழுவின் முன்னால்

பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் திணறினேன், தமிழில் பேசலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். தயங்காமல் கேளுங்கள். பாட்டிலை மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. ஒருவர் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தச் சகதியை எங்கம்மா கொட்டுவீங்க?" என்றார். நல்ல வேளையாக அதற்குத் தயாராக இருந்தேன். கழிவுநீர் சுத்திகரிப்பில் வருகிற ரசாயனச் சகதி 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவுப் பட்டியலில் வருகிறது. குப்பைத்தொட்டியில் போட முடியாது. காயவைத்து, எடைபோட்டு, அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்புகிற செலவை பட்ஜெட்டில் தனி வரியாகப் போட்டிருந்தேன். உங்கள் கருவி எதை மிச்சம் வைக்கிறது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். எதிர்முனையில் ஹைட்ரஜன் வருமே, அறையில் காற்றோட்டம் உண்டா என்றும் கேட்டார்கள்.

பட்ஜெட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வையுங்கள். கட்டடம், நிலம் என்று எழுதவே எழுதாதீர்கள். சோதனைக் கட்டணத்தை நினைப்பதைவிட இரட்டிப்பாகப் போடுங்கள். எனக்குக் குறைந்தது அதுதான்.

பணம் வந்த பிறகு

பணம் ஒரே மூட்டையாக வராது. தவணை தவணையாக வரும். சொன்ன மைல்கல்லைத் தொட்டு, செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. நான் இதில் தவறு செய்தேன். பம்ப் அவசரமாகத் தேவைப்பட்டது, கைக்காசு கொடுத்து வாங்கினேன், பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை. அந்த ஒரு பில்லால் இரண்டாம் தவணை ஐந்து மாதம் நின்றது. சோதனைக்கு வந்த பையனுக்கு அந்த ஐந்து மாதமும் அம்மாவின் வளையலை வைத்துத்தான் சம்பளம் கொடுத்தேன்.

எங்கள் ஐயா பர்மாவில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப் படித்தவர். அப்பத்தா இன்னும் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறார். கீரைக்குக் கொடுத்த காசுகூடச் சிட்டையில் ஏறிவிடும், ராத்திரி பேரேட்டுக்குப் போகும். பம்ப் விஷயம் கேட்டதும், "அன்னன்னைக்கு எழுதணும் ஆத்தா, மறுநாள் எழுதுனா அது கணக்கில்ல, ஞாபகம்" என்றார். அன்றிலிருந்து மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு. எல்லாச் செலவும் வங்கி வழியாக. பில் வந்த அன்றே போட்டோ எடுத்து, எந்தத் தலைப்பில் சேர்கிறது என்று பென்சிலில் எழுதி, கோப்பில். பட்ஜெட்டில் ஒரு தலைப்புக்கு என்று எழுதிய பணத்தை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் செலவழிப்பதற்கு முன்னால் எழுதிக் கேட்க வேண்டும். மாத முடிவில் ஆடிட்டரிடம் காட்டிவிடுகிறேன்.

வாங்கித் தருகிறேன், எட்டு சதவீதம் கமிஷன் கொடுங்கள் என்று ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்த மானியம் எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுகூட இலவசம்தான். உங்கள் கேள்வியை உங்களைவிட நன்றாக எழுத அவரால் முடியாது.

அந்த 2 கிராம் உப்பினால்தான் போகிறது என்று இப்போது தெரியும். உப்பு பாதியாகக் குறைந்த சாய நீரில் தகட்டு எடை இழப்பு ஏட்டுக் கணக்குக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் மின்செலவு கூடுகிறது. நடுவில் ஒரு அளவைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 50 லிட்டர் டிரம் அந்த அக்காவின் கொல்லையிலேயே நிற்கிறது. செவ்வாய், வெள்ளி சாயம் போடுகிற நாள். காலையில் பத்து மணிக்குள் வந்தால் ஓடுவதைப் பார்க்கலாம்.