மாத்திரையை இடிக்கும் முன்

விழுங்கச் சிரமமாக இருக்கிறதென்று வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதன் மேல்பூச்சு அழகுக்கானது அல்ல. இரைப்பை அமிலத்தில் கரையாமல் நின்று, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் ஏற ஏற அமிலம் குறைவு) ஏறத்தாழ 5.5-ஐத் தாண்டும் சிறுகுடலில்தான் அது கரையும். இடித்துவிட்டால் மருந்து அமிலத்திலேயே சிதைந்துபோகும், காசும் வீண்.

மலச்சிக்கலுக்கான பிசகோடிலில் கதை நேர்மாறு. அங்கே பூச்சு காப்பது மருந்தை அல்ல, வயிற்றை. பாலுடனோ அமிலமுறி மருந்துடனோ சேர்த்து விழுங்கினால், அமிலம் தணிந்து பூச்சு இரைப்பையிலேயே கரைந்துவிடும். பிறகு வயிறு பிசையும். 1 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அட்டையில் ‘காஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்’ (இரைப்பையில் கரையாதது) என்று அச்சிட்டிருந்தால் முழுதாக விழுங்க வேண்டும். முடியாதவர்கள் வேறு வடிவில் கிடைக்குமா என்று மருந்தாளுநரிடம் கேட்கலாம்.