கத்தார்ல கம்பெனி மாறணுமா? ஓடிப்போகாதீங்க, இப்படி பண்ணுங்க

என்ஓசி, அதாவது பழைய கம்பெனி குடுக்குற 'ஆட்சேபணை இல்ல'ங்கற லெட்டர், இல்லாம கம்பெனி மாறவே முடியாதுன்னு இன்னும் கேம்ப்ல பாதி பேரு நம்பிட்டு இருக்காங்க. 2020லயே அந்த ரூல எடுத்துட்டாங்க, வீட்டு வேலை பாக்குறவங்களுக்கும் சேர்த்துதான்.

மொதல்ல உங்க பத்தாக்கா, அதாவது கத்தார் ஐடி கார்டு, எப்ப முடியுதுன்னு தேதிய பாருங்க, கத்தார் அரசாங்கத்தோட மெட்ராஷ் ஆப்லயே தெரியும். அத எடுக்குறதும் புதுப்பிக்கிறதும் கம்பெனி பொறுப்பு, செலவும் அவங்களோடதுதான், சம்பளத்துல பிடிக்க விடாதீங்க. முடிஞ்சு 90 நாளுக்குள்ள இருந்தா மாறலாம், அதையும் தாண்டிட்டா கம்பெனிதான் புதுப்பிக்கலன்னு நீங்க காட்டணும், அதனால மந்தூப், அதாவது கம்பெனியோட அரசாங்க பேப்பர் வேலைய பாக்குறவர், அவர் கிட்ட கேட்டத எல்லாம் வாட்ஸ்அப்ல எழுத்தா கேளுங்க, அழிக்காதீங்க. பாஸ்போர்ட் உங்க கையிலதான் இருக்கணும், பிடிச்சு வச்சா 25,000 ரியால் வரைக்கும் அபராதம்னு 2015 சட்டத்துலயே இருக்கு.

அடுத்து புது கம்பெனியோட ஆஃபர் லெட்டர் அரபில வாங்குங்க, இப்ப இருக்குற அக்ரிமெண்ட் காப்பியும் எடுத்துக்கிட்டு தொழிலாளர் அமைச்சகத்தோட ஆன்லைன் சிஸ்டத்துலதான் நோட்டீஸ் போடணும், சூப்பர்வைசர் கிட்ட வாயால சொன்னா அது கணக்குல வராது. ரெண்டு வருஷம் வரைக்கும் வேலை பாத்திருந்தா ஒரு மாசம், அதுக்கு மேலன்னா ரெண்டு மாசம் நோட்டீஸ். ப்ரொபேஷன்ல, அதாவது வேலைக்கு சேர்ந்த புதுசுல இருக்குற சோதனைக் காலத்துல, இருந்தாலும் மாறலாம், ஆனா புது கம்பெனி பழைய கம்பெனிக்கு டிக்கெட், ரெக்ரூட்மெண்ட் செலவுக்கு பணம் குடுக்கணும், அதுக்கும் ரெண்டு மாச பேசிக் சம்பளம்தான் உச்சவரம்பு.

இந்த நோட்டீஸ் காலம்தான் ரொம்ப ஆபத்தான நேரம். எங்க ரூம்ல ஒரு தம்பி, புதுக்கோட்டைக்காரன், டிரான்ஸ்ஃபர் முடியுறதுக்கு முன்னாடியே புது இடத்துல வேலைக்கு போய்ட்டான், பழைய கம்பெனி ஓடிப்போய்ட்டான்னு கேஸ் குடுத்துட்டாங்க, அவன் மேல கடன் அப்படியே இருக்க ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஒருத்தன் நாட்டுல இருக்கலாமா கூடாதான்னு முடிவு பண்ற அதிகாரம் சம்பள பாக்கி வச்சிருக்குற முதலாளி கையில இருக்கவே கூடாது, அது மாறுற வரைக்கும் இந்த சட்டம் பாதி சட்டம்தான். அதனால கடைசி நாள் வரைக்கும் தினமும் டூட்டிக்கு போங்க, சைட்ல நின்னு தேதியோட ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க.

சம்பளம் வரலன்னா அமைச்சகத்துல கம்ப்ளைண்ட் குடுங்க, அங்க பேசி முடியலன்னா தொழிலாளர் தகராறுகள விசாரிக்கிற கமிட்டிக்கு போகும். மூணு வாரத்துல தீர்ப்புன்னு சட்டம் சொல்லுது, நிஜத்துல மாசக்கணக்கா இழுத்தவங்கள பாத்திருக்கேன், அந்த நாள்ல சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க. குறைஞ்சபட்ச சம்பளம் 1,000 ரியால், தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் கம்பெனி ஏற்பாடு பண்ணலன்னா 500ம் 300ம் தனியா தரணும், பாக்கிய கணக்கு போடும்போது இதையும் சேர்த்துக்கோங்க.

வேலை முடிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், டிக்கெட் ரெடின்னு சொல்லி ஏர்போர்ட் போற அன்னிக்கு நீட்டுற அரபி பேப்பர்ல, எல்லா பணமும் வாங்கிட்டேன்னு எழுதியிருக்கும், தெரிஞ்சவங்க யாராவது படிச்சு சொல்லாம கையெழுத்து போடாதீங்க.