டேமேஜ் ஸ்டெபிலிட்டி கணக்குல புதுசா வர்றவங்க பண்ற தப்பு (நானும் பண்ணுனதுதான்)

பீளமேட்டுல உக்காந்துட்டு கப்பல் கணக்கு போடறேன்னா எங்க மாமா இன்னும் சிரிப்பாருங்க, "நொய்யல்லயே தண்ணி இல்ல, உனக்கெதுக்கு கண்ணு கப்பலு"ம்பாரு. ஆனா வேலை அதுதான். கப்பல்ல எங்கெங்க மோதி ஓட்டை விழலாம், விழுந்தா மெதக்குமான்னு நூத்துக்கணக்குல டேமேஜ் கேஸ் ஓட்டறோம், அந்த இடத்துல அடிபடற வாய்ப்பு பி, பட்டா தப்பிக்கற வாய்ப்பு எஸ், ரெண்டையும் பெருக்கிக் கூட்டினா ஏ, அது சோலாஸ்ங்கற சர்வதேச கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தம் கேக்கற கொறஞ்சபட்ச அளவு ஆர்-ஐ விடக் கொறையக்கூடாது. 2009ல இருந்து பயணிகள் கப்பலுக்கும் 80 மீட்டருக்கு மேல உள்ள சரக்குக் கப்பலுக்கும் இதே மொறைதான்.

போன வாரம் புதுசா சேந்த தம்பி "ஏனுங்ணா, ஏ தாண்டிருச்சுங்"னு ஓடி வந்தான். எனக்கு வயித்தக் கலக்குச்சு. ஏன்னு கீழ சொல்றேன்.

பர்மியபிலிட்டி

ஒரு அறையில எவ்வளவு பங்கு தண்ணி நெறைய முடியுங்கற அளவு இது. மெஷினரி ரூம் 0.85, ஸ்டோர் 0.60. மாத்திப் போடாதீங்க.

ஏர் பைப்பு

பத்து வருசம் முன்னாடி ஒரு சரக்குக் கப்பலுக்கு பைப்பிங் ட்ராயிங் வர லேட்டாச்சு, நான் கப்பலோட மொத்த அமைப்பு படமான ஜெனரல் அரேஞ்ச்மென்ட்ட மட்டும் வெச்சு, தண்ணி புகற வழிகளோட ஓப்பனிங் லிஸ்ட் போட்டேன், அதுல வந்த ஏர் பைப்பையும் (டேங்குக்கு காத்து போக வர டெக்குல நீட்டிட்டு நிக்கற கொழாய்) மேல தண்ணி வந்தா பந்து அடைக்கற ஹெட் இருக்கேன்னு வாட்டர்டைட்னு, அதாவது முழுகினாலும் தண்ணி புகாதுன்னு, டிக் அடிச்சுட்டேன். அது வெதர்டைட்டுங்க. அலை தெளிச்சா தாங்கும், அம்புட்டுதான். கப்பல் சாஞ்சு நிக்கற கடைசி நெலையில அது முழுகுச்சுன்னா, உள்ள போற தண்ணிய கணக்குல சேக்காத வரைக்கும் அந்த கேஸுக்கு எஸ் பூஜ்யம். சாஞ்ச கப்பல நிமித்தற தெம்பக் காட்டற ஜிஇசட் கர்வோட ரேஞ்ச் 16 டிகிரியில இருந்து 8 ஆனாக்கூட நாலாம் மூலம் எடுக்கறதால எஸ் 0.84 நிக்கும், அந்த தாராளத்தப் பாத்து ஏமாந்து போயிடுவோம், ஓப்பனிங் விசயத்துல அந்தக் கருணை கெடையாது. 20 மீட்டர் அகலக் கப்பல் 5 டிகிரி சாஞ்சாலே ஓரம் 87 சென்டிமீட்டர் எறங்கும், மேல்தளமான ஃப்ரீபோர்டு டெக்குல ஏர் பைப்புக்கு ரூல் கேக்கற உயரமே 760 மில்லிமீட்டர், அதுக்கும் முன்னாடியே தண்ணி புகுந்து கப்பல் ஒடம்பு எறங்கித்தான கெடக்கும்!

கப்பல சோதிக்க வந்த சர்வேயர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இந்த பைப்பு உங்க லிஸ்ட்டுல எங்க?" யார்டுல அதுக்குள்ள பைப்பெல்லாம் வெல்ட் பண்ணி பெயின்ட்டும் அடிச்சாச்சு. அறுத்து உள்பக்கமா தள்ளி வெச்சாங்க, கணக்கு புக்லெட் மொத்தமும் மறுபடி, மூணு வாரம் ராத்திரி டீயிலயே போச்சு. இப்ப நெனச்சாலும் எரியுது.

ஏ 0.7ன்னா 70 பர்சென்ட் பொழைக்குமா?

இல்லீங்க. மூணு டிராஃப்ட்டுல (கப்பல் தண்ணியில முழுகி நிக்கற ஆழம்) போட்டு 0.4, 0.4, 0.2ன்னு சேத்த கூட்டு மார்க்கு அது. கணக்குல முட்டை வாங்கிட்டு மொத்தத்துல பாஸ் ஆன பையனும் உண்டில்ல, அதுமாதிரி ஒரு அறை அடிபட்டா எஸ் பூஜ்யம்னாலும் ஏ தாண்டும். கேஸ் லிஸ்ட்ட பிரிச்சுப் பாருங்க.

அடிபட்டதுக்கப்புறம் ஏ பாக்கறது

பாக்காதீங்க. 2012ல கோஸ்டா கான்கார்டியாங்கற பயணிகள் கப்பலுக்கு 50 மீட்டருக்கு மேல கிழிஞ்சப்ப வாய்ப்புக் கணக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு, அங்க எந்த அறையில எவ்வளவு தண்ணின்னு அளந்து பாக்கற சவுண்டிங்தான் வேணும்.

தம்பி கதைக்கு வர்றேன். பைப்பிங் ட்ராயிங்க மேசைல விரிச்சு பென்சில்ல ஒண்ணொண்ணா சுழிக்கச் சொன்னேன், பதினொண்ணு விட்டிருந்தான், எல்லாம் பக்கவாட்டு ஓரத்துல. மத்தியானம் திருப்பி ஓட்டுனா ஏ, ஆர்-க்கு கீழ. "ட்ராயிங் எப்பவோ மெயில்ல வந்துதுங்ணா, பிரிக்கலீங்"னான்.